சிலம்பப் பயிற்சி வாள்
இரும்பு அலகு, மரக் கைப்பிடி. தற்காலம்.

இந்த வாளுக்குக் கூர் கிடையாது. விளிம்பிலுள்ள சொட்டைகள், வாளோடு வாள் மோதியதால் விழுந்தவை. கைப்பிடியில் சுற்றிய துணி, வியர்வையில் கை வழுக்காமலிருக்க.

சிலம்பத்தில் முதலில் கம்பு. காலடியும் வீச்சும் படிந்த பிறகே வாள் கைக்கு வரும். அலகை ஒரு விரலில் தாங்கினால் பாரம் பிடியை ஒட்டி நிற்க வேண்டும். நுனிப்பாரம் கூடினால் மணிக்கட்டு சோர்ந்துவிடும். கையைத் தொங்கவிட்டால் நுனி தரையைத் தொடக் கூடாது. பிடியின் ஆணி ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். கூர் இல்லையென்றாலும் எலும்பை முறிக்க இந்த இரும்பு போதும்.

ஜப்பானின் இயாய்தோ பயிற்சி வாளுக்கும் கூர் இல்லை. பெரும்பாலும் அலுமினியம், துத்தநாகக் கலவையில் வார்க்கப்படுவது. உறையிலிருந்து உருவிச் செருகிப் பழக மட்டுமே. மோதலை அது தாங்காது.

வாளுக்கான தென்னாட்டு உருக்கு ஒரு காலத்தில் கடல்வழியே மேற்காசியா சென்றது. பின்னர் அதே தென்னாட்டில், 1801 டிசம்பரில் ஆங்கிலக் கம்பெனி, பாளையக்காரர் சீமையில் ஆயுதங்களுக்குத் தடை விதித்தது.