மண்கோட்டையும் மக்கள் நினைவும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியே நீள்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இம்மலையடிவாரம் சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான், நெற்கட்டும்செவல் முதலிய பாளையங்களாகப் பிரிந்திருந்தது. அவற்றுக்கு அரணாக நின்றவை கோட்டைகளே. இன்று அவற்றுட் பலவற்றை மண்ணில் தேடுவதினும் மக்கள் கூறும் கதைகளில் தேடுவது எளிது.

கோட்டையின் வலிமை

1755இல் கர்னல் ஹெரான் படையுடன் வந்து கப்பம் கேட்டபோது, நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் தர மறுத்தார். அவருடைய வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1759இன் இறுதியில் முற்றுகையிட்ட யூசுப்கான் வெற்றி காணாமல் திரும்பினார். 1761இல்தான் அது அவர் வசமாயிற்று. பின்னர் மீண்டும் எதிர்த்து நின்ற அக்கோட்டையை 1767இல் கேம்ப்பெல் தலைமையிலான படை தாக்கியது.

இத்தனைக்கும் அது மண்ணாலானது. பீரங்கிக் குண்டு கற்சுவரைச் சிதறடிக்கும். தடித்த மண்சுவரிலோ புதைந்துவிடும். உடைப்பு ஏற்பட்டாலும் வீரர்கள் வைக்கோலும் பனையோலையும் கொண்டு உடனுக்குடன் அடைத்தனர். அதற்காகக் குண்டுமழையின்முன் நின்றவர் பலர் உயிரிழந்தனர்.

மறைந்தவரும் மறையாதவரும்

சிறைப்பட்ட பூலித்தேவர் சங்கரன்கோவிலில் வழிபட விரும்பினார் என்றும், கோவிலுக்குள் விலங்குகள் தெறிக்க, ஒளியில் கலந்து மறைந்தார் என்றும் மக்கள் நம்புகின்றனர். அவருடைய படைத்தலைவர் வெண்ணிக்காலாடி, சரிந்த குடலைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டதாக வாய்மொழி மரபு கூறுகிறது.

அகால மரணமடைந்தோரின் ஆவி அவ்விடத்தை விட்டு அகலாது என்பது நாட்டார் நம்பிக்கை. அந்த அச்சமும் நன்றியுணர்வும் இணைந்தே மாண்டவரைத் தெய்வமாக்கின. போரில் வீழ்ந்தவருக்குக் கல் நட்டு வழிபடும் முறையைத் தொல்காப்பியமே எடுத்துரைக்கிறது. பாழடைந்த கோட்டைகளைச் சுற்றி எழும் ஆவிக்கதைகளுக்கும் இம்மரபுக்கும் வேர் ஒன்றே.

கதையும் சான்றும்

பூலித்தேவரின் முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதற்குச் சங்கரன்கோவில் கதை சான்றாகாது. ஆயினும், அவர் தோற்று மடிந்தார் என்பதை ஏற்க மக்கள் மனம் மறுத்தது என்பதற்கு அதுவே சிறந்த சான்று. போர்க்குறிப்புகளை எழுதியவர்கள் கோட்டையைத் தாக்கியவர்கள். சுவரின் உடைப்பை அடைத்தவர்கள் எழுதி வைத்தது ஏதுமில்லை. அவர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கதைகளே. ஆகவே, அவற்றை அப்படியே நம்பிவிடாமலும், மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடாமலும் ஆராய்தல் வரலாறு பயில்வோரின் கடமையாகும்.