பாரைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள்!

2025 செப்டம்பர் 15. டோக்கியோவில் உலகத் தடகளப் போட்டி. 6.30 மீட்டர் உயரத்தில் இருந்த பாரை மூன்றாவது முயற்சியில் தாண்டினார் சுவீடனின் அர்மாண்ட் டுப்ளாண்டிஸ். பார் ஆடியது, விழவில்லை. அவருடைய பதினான்காவது உலக சாதனை! டிவியில் பார்த்த நாம் எல்லோரும் அண்ணாந்துதான் பார்த்திருப்போம். கேமராவும் மேலேதான் போனது. அந்த மாதிரி நேரத்தில் பயிற்சியாளர்களின் கண் எங்கே இருக்கும் தெரியுமா? கீழே! ஓடுபாதை முடியும் இடத்தில், கடைசி எட்டு, அதாவது கடைசிக் காலடி, எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீரர் பாரை எட்டும் முன்பே அவர்களுக்குப் பாதி விடை தெரிந்துவிடும்.

போல் வால்ட் என்கிற கோலூன்றித் தாண்டுதலில் என்னைத் தலைகால் புரியாமல் துள்ள வைப்பது இந்த ரகசியம்தான். உயரம் தரையிலேயே தயாராகிவிடுகிறது. வாருங்கள், திரையை விலக்கிப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடிவருகிற ஒருவர் அந்த வேகத்தைத் துளியும் சிந்தாமல் உயரமாக மாற்றினால், அவர் உடல் ஏறத்தாழ 5.1 மீட்டர் மேலே எழும்பும். நிற்கும்போதே உடலின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், ஆறு மீட்டர் வந்துவிட்டது! கம்பு தன் பங்குக்குப் புதிதாக எந்த ஆற்றலையும் தருவதில்லை. ஓட்டத்தில் சேர்த்ததை வளைந்து வாங்கிக்கொள்கிறது, நிமிரும்போது திருப்பித் தருகிறது. ஆறு மீட்டருக்கு மேலே போகிற ஒவ்வொரு சென்டிமீட்டரையும் வீரர் தொங்கியபடியே வயிற்றாலும் தோளாலும் கையாலும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும்.

ஆகவே வேகம்தான் முதல். 2024 செப்டம்பரில் சூரிச்சில் டுப்ளாண்டிஸ் 100 மீட்டர் பந்தயம் ஒன்று ஓடினார். எதிரே நின்றவர் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் உலக சாதனையாளர் கார்ஸ்டன் வார்ஹோம். டுப்ளாண்டிஸ் 10.37 நொடி, வார்ஹோம் 10.47! இந்த ஓட்டத்துக்கு உடலைத் தயார்ப்படுத்துபவர் அம்மா ஹெலெனா, முன்னாள் ஹெப்டத்லான் வீராங்கனை. கம்பு நுட்பம் அப்பா கிரெக்கின் பொறுப்பு. அவரே 5.80 மீட்டர் தாண்டியவர். வீட்டுக்குள்ளேயே முழுப் பயிற்சிக் குழு!

வெறுங்கையோடு ஓடுவது ஒன்று, ஐந்து மீட்டர் நீளக் கம்போடு ஓடுவது வேறு. கம்பைக் கிடையாகப் பிடித்தால் அதன் முனை கீழே இழுக்கும், தோள் இறுகும், எட்டு சுருங்கும். இதற்கு அழகான வழியைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் விட்டாலி பெட்ரோவ். உக்ரைனின் டோனெட்ஸ்கில் போல் வால்ட் வீரர் செர்கெய் பூப்காவை வளர்த்த பயிற்சியாளர். ஓட ஆரம்பிக்கும்போது கம்பு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். ஓட ஓட அதைச் சிறிது சிறிதாகத் தாழவிட வேண்டும். தாழ்ந்துகொண்டே வருகிற கம்பு கையில் கனக்காது, ஓடுபவரை முன்னோக்கி இழுத்துக்கொண்டு போகும். சுமை துணையாகிவிடுகிறது, எவ்வளவு அற்புதம்!

ஓடுபாதையின் ஓரத்தில், வீரர் தரையை விட்டுக் கிளம்பும் டேக்-ஆஃப் இடத்துக்கு ஆறு எட்டு முன்னால் பயிற்சியாளர் ஓர் அடையாளம் வைத்திருப்பார். அது வீரருக்கு இல்லை, அவர் அதைப் பார்க்கவே கூடாது. அது பயிற்சியாளரின் கண்ணுக்கு. அங்கே எட்டு ஒரு சாண் தள்ளி விழுந்தால், கடைசி எட்டுகளில் வீரர் நீட்டியோ குறுக்கியோ சமாளிக்கப்போகிறார், வேகம் சிதறப்போகிறது என்று அர்த்தம். வீரர் தன் பங்குக்கு இடது காலை மட்டும் எண்ணிக்கொண்டு வருவார். களத்தில் ரன்-அப்பின் நீளத்தைச் சொல்வதும் இடது கால் கணக்கில்தான். ‘மூன்று லெஃப்ட்’ என்றால் ஆறு எட்டு.

பிறகு வருகிறது எனக்கு நெஞ்சு படபடக்கிற இடம். பாக்ஸ்! தரையில் பதித்த ஒரு மீட்டர் நீளக் குழி. முன்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலம், பின்பக்கம் வெறும் 15. கடைசியில் 20 சென்டிமீட்டர் ஆழம். பறக்கிற வேகத்தில் கம்பின் முனையை அதற்குள் இறக்க வேண்டும். கடைசி மூன்று எட்டுக்குள் கைகள் இடுப்பிலிருந்து காதருகே வந்து, தலைக்கு மேல் முழுதாக நீண்டிருக்க வேண்டும். வலது கைக்காரருக்கு இடது கால்தான் டேக்-ஆஃப் கால். அந்தப் பாதம் மேல் கைக்கு நேர் கீழே விழ வேண்டும். பாதம் கூடுதலாக முன்னே போய்விட்டால், அதைத்தான் ‘அண்டர்’ என்கிறார்கள், கம்பு ஆளைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கும். தோளும் முதுகும் அடி வாங்கும், சேர்த்த வேகம் அங்கேயே செத்துவிடும்.

பெட்ரோவ் இதிலும் ஒரு படி மேலே போனார். கம்பு பாக்ஸின் பின்சுவரில் முட்டி வளையத் தொடங்கும் அந்தக் கணத்துக்கு முன்பே வீரர் தரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்றார். அதாவது கம்பை வளைப்பதற்காக யாரும் மெனக்கெட வேண்டாம். உயரமாக, முழு நீட்டத்தோடு, மேல்நோக்கிப் பாய்ந்தால் கம்பு தானாக வளையும். பூப்கா 35 உலக சாதனை படைத்தது இந்த வழியில்தான். அதே பெட்ரோவிடம் பின்னாளில் வீராங்கனை யெலேனா இசின்பயேவா பயிற்சி பெற்றார், 2016 ரியோவில் 6.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பிரேசிலின் தியாகோ பிராஸும் பயிற்சி பெற்றார்.

இப்போது கம்புப் பையைத் திறக்கலாம். பெரிய வீரர் ஒரு கம்போடு போட்டிக்கு வருவதே இல்லை. நீளம் ஒன்றாக இருந்தாலும் விறைப்பு மாறும். கம்பை இரு முனைகளில் தாங்க வைத்து நடுவில் 50 பவுண்ட் எடையைத் தொங்கவிடுகிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் தொய்கிறது என்பதுதான் அதன் ஃப்ளெக்ஸ் எண். எண் குறையக் குறைய கம்பு விறைப்பு. இளகிய கம்பு சீக்கிரமாகவே ஆளைப் பாரின் மேல் தள்ளிவிடும். அதிக விறைப்பான கம்போ நேராக நிமிர மறுத்து, வந்த வழியே ஓடுபாதைக்குத் திருப்பி அனுப்பிவிடும். எதிர்க்காற்று அடித்தால் இளகியது, பின்காற்று அடித்தால் விறைப்பானது. பயிற்சியில் தாண்டிய பிறகு கம்பு தரையில் விழாமல் யாராவது ஓடிவந்து பிடிப்பதைப் பார்க்கலாம். மரியாதை நிமித்தம் இல்லை, ஃபைபர் கிளாஸில் விழுந்த ஒரு கீறலே பிறகு கம்பு முறிவதற்கு வழிவகுக்கும்.

சரி, தினசரிப் பயிற்சியில் என்னதான் செய்கிறார்கள்? முழு ரன்-அப்பில் தாண்டுவது மிகக் குறைவு, உடல் தாங்காது. பெரும்பாலும் மூன்று லெஃப்ட், நான்கு லெஃப்ட். வளையாத விறைப்புக் கம்போடு நீளம் தாண்டும் மணல் பிட்டில் குதிக்கிறார்கள். மேல் கை ஒன்றை மட்டும் பிடித்துத் தாண்டுகிறார்கள். வழுக்கிச் செல்லும் பாக்ஸில் கம்பை ஊன்றி, மேலே போகாமல் ஓட்டத்தையும் ஊன்றலையும் மட்டும் பழகுகிறார்கள். கயிற்றில் தலைகீழாகத் தொங்கி, காலை வீசி உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பாரில் பாதி நாள் கழிகிறது. இசின்பயேவா 15 வயதுவரை ஜிம்னாஸ்ட். அதிகமாக வளர்ந்துவிட்டார் என்று அங்கிருந்து வெளியே வந்தவர், 2005-இல் லண்டனில் ஐந்து மீட்டரைத் தாண்டிய முதல் பெண் ஆனார்!

எனக்கு மிகவும் பிடித்தது பாருக்குப் பதில் கட்டுகிற எலாஸ்டிக் கயிறு. தட்டினாலும் விழாது, வலிக்காது, திரும்ப வைக்கிற வேலையும் இல்லை. பயமே இல்லாமல் பத்து, இருபது முறை மேலே போகலாம். பயம்தான் இந்த விளையாட்டின் பெரிய எதிரி. கடைசி எட்டில் மனம் தயங்கினால் கால் தானாகக் குறுகும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லாஃபயெட் என்ற ஊரில், வீட்டுக் கொல்லையிலேயே டுப்ளாண்டிஸின் அப்பா கிரெக் ஒரு போல் வால்ட் பிட் அமைத்தார். குழந்தைகளுக்கு அது ஊஞ்சல் மாதிரி ஆகிவிட்டது. பயம் தெரியும் வயதுக்கு முன்பே டுப்ளாண்டிஸ் கம்பைப் பிடித்துவிட்டார். 10 வயதில் 3.86 மீட்டர்!

போட்டி நாளில் பயிற்சியாளர் களத்துக்குள் வர முடியாது. பாக்ஸுக்கு அருகே கேலரியில் இடம் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் வீரர் தடுப்புக்கு ஓடிவருவார், பயிற்சியாளர் எடுத்த வீடியோவை எட்டிப் பார்ப்பார். பாரை பாக்ஸின் பின்சுவரிலிருந்து 80 சென்டிமீட்டர்வரை பின்னால் தள்ளி வைக்கலாம். எங்கே வைப்பது, கம்பை மாற்றலாமா, ஓட ஆரம்பிக்கும் இடத்தை எத்தனை விரல்கடை நகர்த்துவது? அங்கேயே முடிவாகும். வீரர் கேட்ட இடத்தில் பாரை வைத்து முடித்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். களத்தில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் ஒரு நிமிடம்தான்.

நம் ஊரிலும் இந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது. 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில், காந்திநகரில், தமிழ்நாட்டின் ரோஸி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டி, இன்னொரு தமிழ்நாட்டு வீராங்கனை சுரேகாவின் 4.15 என்ற தேசிய சாதனையை முறியடித்தார். அதே போட்டியில் நம் சிவா சுப்பிரமணியம் 5.31 மீட்டர்! 2018-இல் அவரே வைத்த 5.30-ஐ விட ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதல். 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் தேவ் மீனா 5.32 தாண்டினார், மறுபடியும் ஒரே ஒரு சென்டிமீட்டர். ஏப்ரலில் கொச்சியில் அவரே அதை 5.35 ஆக்கினார்.