அகக்காழும் புறக்காழும்: ஜொகூர்த் தோட்டப் பயிர்கள்வழித் தாவரத் திசுக்களை விளக்குதல்

முன்னுரை

தாவரத் திசுக்கள் குறித்த பாடம், தமிழில் அறிவியல் கற்பிப்போர் பலருக்கும் கலைச்சொற் பட்டியலாகவே அமைந்து விடுகின்றது. ஆக்குத்திசு, நிலைத்திசு, சைலம், புளோயம் என்னும் பெயர்களை மாணவர் மனனம் செய்கின்றனர். அப்பெயர்கள் சுட்டும் பொருள்களோ அவர்தம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாதனவாய் நின்றுவிடுகின்றன. ஆயின் ஜொகூர் மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இந்நிலை நேர்ந்திருத்தல் வியப்புக்குரியது. குளுவாங், கூலாய், சிகாமட், லாபிஸ் முதலிய வட்டாரங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழிலே தாவரத் திசுக்களை நுட்பமாக அறிந்து கையாளும் தொழிலாகும். ஜொகூரின் இரு பெருந்தோட்டப் பயிர்களாகிய பால்மரத்தையும் செம்பனையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, திசுக்கள் தாவரத்தின் வளர்ச்சிக்கும் கடத்தலுக்கும் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியப் பாகுபாடு

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. காழ் என்பது வயிரம், அதாவது உறுதி. இவ்விலக்கணப்படி தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லினம். வேம்பும் புளியும் மரவினம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனையையும் பிரேசிலிலிருந்து வந்த பால்மரத்தையும் தொல்காப்பியர் அறியார். எனினும் அவர்தம் பாகுபாட்டில் முன்னது புறக்காழாகவும் பின்னது அகக்காழாகவும் பொருந்தி நிற்கின்றன.

இதனைக் கொண்டு இக்காலத் தாவரவியல் முழுவதையும் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. ஒருவிதையிலை, இருவிதையிலை என்னும் பாகுபாடு விதையையும் பூவையும் இலை நரம்பையும் அடிப்படையாகக் கொண்டது. தொல்காப்பியப் பாகுபாடோ தண்டின் உறுதி எங்குள்ளது என்பதை அடிப்படையாகக் கொண்டது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபடுவதற்குக் காரணம், தண்டினுள் திசுக்கள் அமைந்துள்ள முறையே. அக்காரணத்தை அறிதலே நமக்குப் பயன் தரும்.

பால்மரம்: பட்டையினுள் அடுக்குகள்

பால்மரத்தின் அடிமரத்தை வெளியிலிருந்து உள்நோக்கி ஆராயின், முதலில் தக்கைப் படலம், அடுத்துக் கல்லணுக்கள் செறிந்த வன்பட்டை, அதனையடுத்து மென்பட்டை, பின்னர்க் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய கேம்பியப் படலம், அதற்கும் உள்ளே கட்டை. இவற்றுள் கேம்பியமே ஆக்குத்திசு. அது உட்புறம் சைலத்தையும் வெளிப்புறம் புளோயத்தையும் தோற்றுவித்துக்கொண்டே இருப்பதால் மரம் ஆண்டுதோறும் பருக்கின்றது. பழைய சைலம் நடுவில் தங்கிவிடுகின்றது. மரங்கள் பலவற்றில் இது நாளடைவில் நீர் கடத்துவதை நிறுத்தி இறுகுகின்றது. தச்சர் 'வைரம் பாய்ந்த மரம்' என்பது இதனையே. அகக்காழ் உண்டாகும் முறை இதுவாகும்.

சைலக்குழாய்கள் முதிர்ந்த நிலையில் உயிரற்றவை. இலைகளிலிருந்து நீர் ஆவியாக வெளியேறுங்கால் உண்டாகும் இழுவிசையால், இடையறாத நீர்த்தொடர் ஒன்று வேரிலிருந்து மேலேறுகின்றது. இக்கொள்கையை டிக்சனும் ஜோலியும் 1894இல் முன்வைத்தனர். புளோயக் குழாய்களோ உயிருள்ளவை. இலையில் உருவான சர்க்கரை, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடம் நோக்கி அவற்றின்வழிப் பாய்கின்றது என்பதை 1930இல் ஜெர்மானிய அறிஞர் முன்ஷ் விளக்கினார்.

மரம் சீவும்போது வடியும் பால் இவ்விரண்டுமன்று. அது மென்பட்டையில் வளையம் வளையமாக அமைந்த பாற்குழல்களில் உள்ளது. கேம்பியமே இக்குழல்களையும் ஈன்றதனால் கட்டைக்கு அண்மையில் அவை மிகுதியாக உள்ளன. ஆகவே நிறையப் பால் வேண்டின் ஆழமாகச் சீவ வேண்டும். ஆயின் சர்க்கரையைக் கடத்தும் இளம்புளோயமும் கேம்பியமும் அவ்விடத்திலேயே உள்ளன. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டுச் சீவுவதே நல்ல சீவல். அதற்குமேல் கத்தி இறங்கின் மரத்திற்குக் காயம்.

குளுவாங் அருகே முன்னாள் தோட்டமொன்றிற்குப் பயிற்சி ஆசிரியர்களை அழைத்துச் சென்றபோது, நாற்பது ஆண்டுகள் மரம் சீவிய மூதாட்டி ஒருவரிடம் இதுபற்றி வினவினோம். "கட்டையத் தொட்டா காயங்கய்யா. காயம் பட்ட எடத்துல பட்டை மேடும் பள்ளமுமாத்தான் வளரும், பொறவு கத்தி ஓடாது" என்றார். கேம்பியம் சிதைந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக உருவாகாது என்னும் பாடநூற் செய்தியை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

தொழிலின் பிற வழக்கங்களுக்கும் திசுவியலே விடை கூறுகின்றது. வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்வது ஏன்? பாற்குழல்கள் நேர்குத்தாக இல்லாமல் மேலே செல்லச் செல்ல வலப்புறம் சற்றே சாய்ந்துள்ளன. எனவே அத்திசையில் வெட்டும்போது மிகுதியான குழல்கள் திறக்கின்றன. விடியுமுன் மரம் சீவுவது ஏன்? இரவில் இலைகள் நீரை மிகுதியாக இழப்பதில்லை; திசுக்கள் நீர் நிறைந்து விம்முவதால் பாற்குழல்களில் அழுத்தம் மிகுகின்றது. வெயில் ஏறச் சைலம் நீரை மேலே இழுப்பதால் அவ்வழுத்தம் தணிகின்றது. மங்கில் பால் வடிவது சில மணி நேரத்தில் தானே நிற்பதும் குழல் முனைகளில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதனாலேயே. அவ்வாறு வெட்டுவாயில் உறைந்ததே ஒட்டுப்பால்.

பட்டையை மெல்லச் செதுக்கி, அது மீண்டும் வளர விடும் இம்முறையைச் செம்மைப்படுத்தியவர், 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி ஆவார். அவர்தம் பெயர் நூல்களில் உள்ளது. அம்முறையை ஒரு மில்லிமீட்டர் நுட்பத்துடன் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்துகாட்டிய கைகளின் பெயர்கள் இல்லை.

செம்பனை: புறக்காழின் இயல்பு

ஜொகூரில் பால்மரக் காடுகள் குறைந்து செம்பனை பரவியமை அண்மை வரலாறு. ஃபெல்டா நிறுவனத்தின் முதற் செம்பனைத் திட்டம் கூலாயை அடுத்த தாயிப் அண்டாக்கில் 1961இல் தொடங்கப்பெற்றது. இம்மாற்றம் தொழிலாளர் கையறிவையும் மாற்றியது. ஏனெனில் செம்பனையின் உடலமைப்பே வேறு.

செம்பனைத் தண்டில் கேம்பியம் இல்லை. சைலமும் புளோயமும் இணைந்த கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஓரத்தில் அவை நெருங்கி, நாரணுக்களால் வலுப்பெறுகின்றன. வெளிப்புறம் உறுதியாகவும் நடுப்பகுதி மென்மையாகவும் இருப்பது இதனாலேயே. முதற்சில ஆண்டுகளில் குருத்தின் அடியிலுள்ள ஆக்குத்திசு தண்டின் பருமனை அமைத்துவிடுகின்றது; அதன்பின் செம்பனை உயருமேயன்றிப் பால்மரம்போல் ஆண்டுதோறும் பருக்காது. கற்றைகளைப் புதுப்பிக்கவும் இயலாது. குருத்து ஒன்றே, அது அழியின் மரமும் அழியும்.

இதன் விளைவைக் கனோடெர்மா என்னும் பூஞ்சை நோயில் காணலாம். அது அடித்தண்டின் திசுக்களை மக்கச் செய்கின்றது. நீர் மேலேற வழியின்றிக் குருத்தோலைகள் பல விரியாமலே நிற்கின்றன, கீழ்மட்டைகள் தொங்குகின்றன. இக்குறிகள் வெளிப்படும்போது அடித்தண்டின் பெரும்பகுதி ஏற்கெனவே சிதைந்திருக்கும். பால்மரம் சீவப்பட்ட பட்டையை மீண்டும் வளர்க்கின்றது. செம்பனையோ இழந்த தண்டுத் திசுவை மீளப் பெறுவதில்லை.

புளோயத்தை விளக்கவும் பனையினமே சிறந்த சான்று. தென்னையிலும் பனையிலும் பாளையைச் சீவ வடியும் இனிய நீர் புளோயச் சாறேயாகும். பதநீர் இனிப்பதும், அது நொதித்துக் கள்ளாவதும் அதிலுள்ள சர்க்கரையினாலேயே.

கலைச்சொற் சிக்கல்

தமிழகப் பாடநூல்கள் திசு, சைலம், புளோயம் என்று வழங்க, இலங்கைப் பாடநூல்கள் இழையம், காழ், உரியம் என்று வழங்குகின்றன. காழ் பழந்தமிழ்ச் சொல்லாதலின் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஆயினும் மரபியலில் அது உறுதியைக் குறிக்க, இலங்கை வழக்கில் நீர் கடத்தும் திசுவைக் குறிக்கின்றது. செம்பனையின் புறக்காழில் நாரணுக்களின் பங்கே பெரிது என்பதால், இரு பொருளையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவர் தடுமாறுவர். எச்சொல்லை ஏற்பினும், இவ்வேறுபாட்டை ஆசிரியர் வகுப்பில் விளக்குதல் இன்றியமையாதது.

முடிவுரை

மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பெற்றது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமானபோது அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் மீண்டும் எழுந்தது. இவ்வையத்திற்குக் கலைச்சொல் அகராதி மட்டும் விடையாகாது. பட்டை, கட்டை, காயம், ஒட்டுப்பால், குருத்து, பாளை, நார், வைரம் என்னும் சொற்களை நாள்தோறும் வழங்கி, அவற்றின் பொருளைக் கையால் அறிந்த மக்கள் நம்மிடையே இன்னும் உள்ளனர். அவருள் பலர் முதுமை எய்திவிட்டனர். தமிழாசிரியர்கள் தம் மாணவரை அவர்தம் தாத்தா பாட்டியரிடம் அனுப்பி, ஒரு மரத்தை எவ்வாறு சீவினர் என்று கேட்டு எழுதிவரச் செய்வராயின், திசுவியல் பாடமும் உயிர்பெறும். எழுதப்பெறாத ஒரு தொழிலறிவும் ஏட்டில் ஏறும். காலம் தாழ்த்தாது செய்யத்தக்க பணி இதுவென்பது நம் கருத்து.