செங்குருதிக் கலத்தின் வாசல்

உயர்தர உயிரியலில் கலமென்சவ்வைப் பற்றிப் படிக்கும்போது 'வாங்கி' என்ற சொல் நமக்கு அறிமுகமாகிறது. கலத்தின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் குறிப்பிட்ட சில பதார்த்தங்களை மட்டும் அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதமே வாங்கி. பூட்டுக்கு ஏற்ற திறப்பு என்று இதனை விளக்குவார்கள். அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளத் திறப்பும் இருந்தால் என்ன நடக்கும்? இதற்கான விடை நமது நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் 'டஃபி' எனப்படும் ஒரு வாங்கி உண்டு. பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் மூலம் 1950இல் இது கண்டறியப்பட்டது; அவருடைய பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. உடலில் காயமோ தொற்றோ ஏற்பட்டால், அவ்விடத்துக் கலங்கள் கெமோகைன் எனும் சிறு புரதங்களை வெளிவிடுகின்றன. வெண்குருதிக் கலங்களை உதவிக்கு அழைக்கும் செய்திகள் இவை. இச்செய்திகள் அளவுக்கு மிஞ்சினால் அழற்சியும் மிஞ்சிவிடும். டஃபி வாங்கி குருதியிலுள்ள மேலதிகக் கெமோகைன்களைப் பற்றிக்கொண்டு, அவற்றின் அளவைச் சீராக வைத்திருக்க உதவுகிறது. இது அதன் நல்ல முகம்.

மறுமுகம் மலேரியாவோடு தொடர்புடையது. நுளம்பு கடிக்கும்போது உடலுக்குள் புகும் மலேரியா ஒட்டுண்ணி முதலில் ஈரலில் பெருகி, பின்னர் செங்குருதிக் கலங்களைத் தாக்குகிறது. 'பிளாஸ்மோடியம் வைவாக்ஸ்' என்ற இனத்திடம் டஃபி வாங்கியில் சரியாகப் பொருந்தும் ஒரு புரதம் இருக்கிறது. அதுவே கள்ளத் திறப்பு. அதைக்கொண்டு ஒட்டுண்ணி கலத்தினுள் நுழைகிறது. உள்ளே பெருகி, கலத்தை வெடிக்கச் செய்து வெளியேறுகிறது. நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது அப்போதுதான்.

மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த மக்களுள் பெரும்பாலானோரின் செங்குருதிக் கலங்களில் இந்த வாங்கி இல்லை. அவர்களுடைய பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரேயோர் எழுத்து மாற்றமே இதற்குக் காரணம். அவர்களை வைவாக்ஸ் பெரும்பாலும் தொற்றுவதில்லை என்பதை லூயிஸ் மில்லரும் அவருடைய குழுவினரும் 1976இல் எடுத்துக்காட்டினர். ஆயினும் 'பல்சிபாரம்' என்ற மற்றோர் ஒட்டுண்ணி வேறு வாசல்களால் நுழைவதால், அவர்களுக்கும் மலேரியா ஆபத்து உண்டு. இலங்கை உட்பட தெற்காசிய மக்கள் ஏறக்குறைய அனைவரிடமும் டஃபி வாங்கி இருக்கிறது. நம் வாசல் வைவாக்ஸுக்குத் திறந்தே இருந்தது.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி ஆங்காங்கே குட்டைகளாயின. அவற்றில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 1935 வரை நீடித்த அந்த மலேரியாப் பேரழிவில் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தனர். பின்னர் டீ.டீ.ரீ. மருந்து தெளித்து நோயைக் கட்டுப்படுத்தியதால், 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே பதிவாகினர். வெற்றி கிடைத்துவிட்டது என எண்ணிக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளிகளின் தொகை 5 இலட்சத்தையும் தாண்டியது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோரைப் பீடித்தது வைவாக்ஸே.

அதன்பின் பல தசாப்தங்கள் பாடுபட்டே இந்த நோயை விரட்டினோம். மலேரியா அற்ற நாடென்ற அங்கீகாரம் கிடைக்குமுன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அங்கீகரித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இந்த வெற்றியினால் நமது குருதி மாறிவிடவில்லை. டஃபி வாங்கி இன்றும் நம்முள் ஏறக்குறைய அனைவரிடமும் இருக்கிறது. உடலுக்குப் பயன்படும் வாங்கி என்பதால் அதை அகற்றிவிடவும் முடியாது. ஆகவேதான் விஞ்ஞானிகள் வாசலை விட்டுவிட்டு, கள்ளத் திறப்பையே செயலிழக்கச் செய்யும் தடுப்பூசியைத் தேடி ஆராய்ந்து வருகிறார்கள். அதுவரை நம்மைக் காப்பது விழிப்பு ஒன்றே.

ஒட்டுண்ணி இன்று பயணிகளோடுதான் வருகிறது. மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக ஆபிரிக்க நாடுகளுக்குச் செல்வோரும் இந்தியா சென்று திரும்புவோரும் நம்மிடையே பலர். அனோபிலிஸ் ஸ்டீபன்சி எனும் நகர்ப்புற மலேரியா நுளம்பு 2016 இறுதியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் அது முட்டையிடும். வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் தண்ணீர்த் தாங்கிகளுக்குக் குறைவில்லை. டெங்கு பயத்தில் பூச்சாடித் தண்ணீரைக் கொட்டும் நாம், தாங்கியின் மூடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, மலேரியா உள்ள நாட்டுக்குச் செல்லுமுன் மலேரியா தடை இயக்கத்திடம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகப் பெறலாம். வைவாக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கக்கூடியது. எனவே திரும்பி வந்து பல மாதங்களின் பின் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போய் வந்தோம் என்பதை வைத்தியரிடம் சொல்லத் தவறக்கூடாது. டெங்கு என்று நினைத்து நாட்களைக் கடத்தாமல் மலேரியாவுக்கும் குருதியைச் சோதிக்க அந்த ஒரு வார்த்தை போதும்.