நாடகம் எழுத நாள் குறிப்போம்

நாடகம் எழுத ஆசைப்படாத மாணவர் நம் சங்கத்தில் சிலரே. முதற் காட்சியைத் தாண்டி எழுதியவரோ அவரினும் சிலர். காரணம் என்ன? கருத்துப் பஞ்சமா? இல்லை. தமிழ்ப் பஞ்சமா? அதுவும் இல்லை. எழுதி முடிக்கும் நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் எவரும் இல்லை. அஃதொன்றே குறை என்பேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் தி. க. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் குறிப்பிடுகிறார். அதற்குச் சுவாமிகளின் பெரும்புலமை ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. பாடம் கேட்க நடிகர்களும், திரை தூக்கக் கொட்டகையும் அவருக்காகக் காத்திருந்தன. விடுதி அறையில் தனியே எழுதும் மாணவனுக்குக் காத்திருப்பவர் யார்?

இந்தக் குறையைப் போக்க அமெரிக்க நாட்டில் கண்ட வழிதான் கூட்டு எழுத்துப் பந்தயம். போட்டி என்று எண்ணிவிடாதீர்கள். இதில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. பலர் ஒன்றுகூடி, ஓர் அளவையும் ஒரு நாளையும் குறித்துக்கொண்டு, அவரவர் நாடகத்தை அவரவர் எழுதி முடிப்பதே பந்தயம்.

இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 2007 முதல் 2012 வரை 'ஸ்கிரிப்ட் ஃபிரென்ஸி' என்னும் பந்தயம் ஆண்டுதோறும் நடந்தது. முதல் ஆண்டிற்குப் பின், ஏப்ரல் மாதத்து 30 நாளில் 100 பக்கம் எழுத வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. நூறு பக்கம் என்றால் மலைப்பு வருகிறது. நாளுக்கு மூன்று பக்கத்திற்குச் சற்று மேல் என்று வகுத்துப் பார்த்தால் மலைப்பு மறைகிறது. முடித்தவர் எல்லாரும் வென்றவரே.

மற்றொன்று, நியூயார்க் நகரில் 1995-இல் தோன்றிய '24 மணி நேர நாடகங்கள்'. எழுத்தாளர், இயக்குநர், நடிகர் அனைவரும் ஓர் இரவில் கூடுவர். எழுத்தாளர் விடியுமுன் ஒரு குறுநாடகம் எழுதித் தரவேண்டும். பகலெல்லாம் ஒத்திகை, அன்றிரவே அரங்கேற்றம்! காலையில் வந்து நிற்கும் நடிகரிடம், "கற்பனை வரவில்லை" என்று சொல்ல முடியுமா?

தனியாக ஒருவர் சாதிக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். சூசன்-லோரி பார்க்ஸ் என்னும் அம்மையார் 2002 நவம்பரில் தொடங்கி, நாளுக்கு ஒன்றாக ஓராண்டு முழுதும் நாடகம் எழுதினார். ஆனால் அவர் அதே ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவர், தேர்ந்த கை. நம் போன்ற தொடக்கக்காரருக்குத் துணை வேண்டும்.

"அவசரத்தில் எழுதினால் நயம் இருக்குமா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. முதற்படியில் நயம் குறையலாம். அதைத் திருத்த இரண்டாம் மாதம் இருக்கிறது. எழுதிய நாடகத்தைத் திருத்தலாம். எழுதாத நாடகத்தை எந்தப் புலவர் திருத்துவார்? ஆகவே எழுதும் மாதத்தில் குற்றங்குறை பேசலாகாது. பக்கம் நிறைந்ததா என்று மட்டுமே கேட்க வேண்டும்.

நம் சங்கத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். ஐவர் முன்வந்தாற் போதும். நாளுக்கு ஒரு பக்கம், 30 நாளுக்கு 30 பக்கம். ஏறத்தாழ அரைமணி நேர ஓரங்க நாடகம் ஆகிவிடும். ஞாயிறு மாலைதோறும் கூடி, அந்த வாரம் எழுதியதை ஒருவர் மற்றவருக்கு வாய்விட்டுப் படிக்கட்டும். தாளில் அழகாகத் தோன்றும் வசனம் நாவில் இடறுவதை அப்போதே காணலாம். ஒரு நாள் தவறியவரை இகழாமல், மறுநாள் எழுதச் சொல்லுங்கள். முப்பத்தோராம் நாள் உறுப்பினர் கூட்டத்தில் நாடகங்களைப் படிப்பதென்று இன்றே அறிவித்துவிட வேண்டும். அறிவித்த நாள்தான் நம் கொட்டகை.

இதை ஏன் வற்புறுத்துகிறேன்? பொங்கல் விழாதோறும் நாம் நடிப்பவை சென்னையில் எவரோ, எவருக்காகவோ எழுதிய நாடகங்கள். அவை நல்லவையே. ஆயினும் இரண்டு நாள் இரயிற் பயணம், விடுதிச் சப்பாத்தி, கடைக்காரரிடம் ஒரு மொழி, கடிதத்தில் ஒரு மொழி என்று நாம் வாழும் இந்த வாழ்வு அவற்றில் இல்லை. பட்டம் பெற்று நாம் பிரிந்துவிட்டால் இதை யார் எழுதுவார்? நாம்தாம் எழுத வேண்டும். இம்மாதக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். முதற் பெயராக என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.