எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்: சீட்டுக்கு அடியில் எத்தனை லிட்டர்?

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் "ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜிபி?" என்று கேட்பார்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கிறார்கள். அதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "பேட்டரியை எங்கே வைத்திருக்கிறார்கள்?" பொருள் வைக்கும் இடம், உட்காரும் சுகம் இரண்டையும் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது.

ஜிபி போல இங்கே லிட்டர்

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள இடத்தை லிட்டரில் சொல்வார்கள். ஹோண்டா ஆக்டிவா 6ஜி பெட்ரோல் வண்டியில் இது 18 லிட்டர். அதற்குக் கீழே இன்ஜின் இருப்பதால் ஆழம் கிடைக்காது. எலெக்ட்ரிக் வண்டியில் இன்ஜினும் பெட்ரோல் டேங்கும் இல்லை. ஆனால் பேட்டரி இருக்கிறதே!

ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளைப் பாருங்கள். 2024 நவம்பரில் ஹோண்டா 'ஆக்டிவா இ', 'க்யூசி1' இரண்டையும் அறிமுகப்படுத்தியது. முதல் வண்டியில் கழற்றி மாற்றும் இரண்டு பேட்டரிகள் சீட்டுக்கு அடியில் இருந்தன. பொருள் வைக்க அங்கே இடமே இல்லாமல் போனது. க்யூசி1-ல் பேட்டரி கால் வைக்கும் தளத்துக்கு அடியில் போனது. சீட்டுக்கு அடியில் 26 லிட்டர் கிடைத்தது.

ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள் 2013-ல் தொடங்கிய ஏதர் நிறுவனம், 2024 ஏப்ரலில் ரிஸ்டாவை அறிமுகப்படுத்தியது. இதிலும் பேட்டரி தளத்துக்கு அடியில்தான். சீட்டுக்கு அடியில் 34 லிட்டர். பஜாஜ் சேத்தக்கும் 2024 டிசம்பரில் பேட்டரியைத் தளத்துக்கு மாற்றி, 35 லிட்டர் கொடுத்தது.

முழங்கால் என்ன சொல்கிறது?

கனமான பேட்டரி தாழ்வாக இருந்தால் வண்டி நிலையாக நிற்கும், வளைவில் திருப்புவது எளிது. ஆனால் பேட்டரியின் உயரத்துக்கு ஏற்பத் தளமும் உயரலாம். தளம் உயர்ந்து சீட் உயராவிட்டால் முழங்கால் அதிகம் மடங்கும். சீட்டையும் உயர்த்தினால் குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் எட்டாது. இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான் டிசைனரின் வேலை. கம்ப்யூட்டர் திரையில் மனித உருவத்தை வண்டி மேல் உட்கார வைத்து, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று சாப்ட்வேரிலேயே அளந்து பார்க்க முடியும்.

ஆனால் அந்த உருவம் உங்கள் அப்பா அல்ல! எங்கள் ஊர் தென்காசி பக்கத்தில் உள்ள இலத்தூர். அப்பாவுக்கு மூட்டு வலி; மார்க்கெட் பையும் வேண்டும், பின்னால் அம்மாவும் வர வேண்டும். நான் ஸ்பெக் பட்டியலில் லிட்டர் அதிகமுள்ள ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து ஷோரூமுக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், "முட்டு ரொம்ப மடங்குதுலே" என்று இறங்கிவிட்டார். லிட்டர் குறைந்த, தளம் தாழ்ந்த வண்டியைத்தான் கடைசியில் வாங்கினோம்.

மோட்டாரையும் கவனியுங்கள்

டிவிஎஸ் ஐக்யூப்பில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு 'ஹப் மோட்டார்' என்று பெயர். இடம் மிச்சமாகும், பாகங்களும் குறைவு. ஆனால் சக்கரத்தின் கனம் கூடுவதால், பள்ளம் மேட்டில் ஷாக் அப்சார்பருக்கு வேலை அதிகம். ஏதரில் மோட்டார் சக்கரத்துக்கு வெளியே இருந்து பெல்ட் மூலம் அதைச் சுழற்றுகிறது. எனவே ஓட்டிப் பார்க்கும்போது நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டாதீர்கள்.

ஷோரூமில் செய்ய வேண்டியவை

1. உங்கள் ஹெல்மெட்டைக் கொண்டுபோய், சீட்டுக்கு அடியில் வைத்து மூடிப் பாருங்கள். லிட்டர் அதிகம் இருந்தும் வடிவம் சரியில்லை என்றால் ஹெல்மெட் நுழையாது.

2. கையோடு எடுத்துச் செல்லும் சார்ஜர் என்றால் அதையும் உள்ளே வைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் இடம்.

3. தளம் சமமாக இருக்கிறதா? அரிசி மூட்டை அங்கேதான் வரும்.

4. வண்டியை அதிகம் ஓட்டப் போகிறவரையும் பின்னால் உட்காருபவரையும் சேர்த்துப் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.

5. சீட்டுக்கு அடியில் எத்தனை கிலோ வரை வைக்கலாம் என்று கையேட்டில் பாருங்கள். லிட்டர் வேறு, கிலோ வேறு.

ஸ்பெக் பட்டியலை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒப்பிட்டு, மூன்று வண்டிகளாகக் குறைத்துக்கொள்ளலாம். அந்த மூன்றில் எது என்பதை, ஓட்டப் போகிறவரின் முழங்காலும் ஹெல்மெட்டும் சொல்லட்டும்.