கிணறு கெடுமுன் கேளுங்கள்

சோறாக்கவும் வுழூச் செய்யவும் நீங்கள் அள்ளும் நீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணியதுண்டா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் இறங்கித் தங்கும் மழைநீரே கிணற்று நீர். அதே வெடிப்புகளின் வழியே அழுக்கும் இறங்கும்.

சுன்னாகத்தில் அதுதான் நடந்தது. மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது. 2019 ஏப்ரல் 4 இல் உயர் நீதிமன்றம், நொதர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் கடமையில் தவறியதையும் எடுத்துக் காட்டியது.

நிலத்தடி நீர் பற்றிய இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. இரசாயனம் கலந்த நீரை அழுத்திப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையை பிரான்சு 2011 இல் தடை செய்ததற்கும் இது ஒரு காரணம்.

நட்டஈடு கிடைக்கலாம், கெட்ட ஊற்று எளிதில் திருந்தாது. ஆகவே அனுமதி கொடுக்குமுன்பே கேட்க வேண்டும். பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்து, 30 நாட்களுக்குள் கருத்துச் சொல்லத் தேசிய சுற்றாடல் சட்டம் இடமளிக்கிறது. பத்திரிகையில் அந்த அறிவித்தலைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அது உங்கள் கிணற்றைப் பற்றியதாக இருக்கலாம்.